வீட்டின் விலையும் வீட்டுக்கு ஆகும் செலவும்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். கட்டிப் பார் என்றார்களே ஒழிய, வாங்கிப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஊரில் வீடு கட்டியவர்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் கட்டி முடிக்கவில்லை. ஓர் ஆண்டு அறுவடைப் பணத்தில் கடைக்கால் போட்டார்கள். அடுத்த ஆண்டு சுவர் எழும்பிற்று. இடையில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் மேல்தளம் இரண்டு ஆண்டு காத்திருந்தது. பணம் வந்த வேகத்தில் வீடும் வளர்ந்தது. தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்க்கின்ற நம்மவர் வாங்கும் அடுக்ககக் குடியிருப்பு அவ்வாறு வளர்வதில்லை. குறித்த நாளில் குறித்த தொகை முழுமையாகக் கையில் இருக்க வேண்டும். கட்ட வேண்டிய தீர்வையில் சிறிது குறைந்தாலும் பத்திரம் பதிவாகாது.

முதன்முறையாக வீடு வாங்க எண்ணுகிறவர் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார். வீடு என்ன விலை? வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும்? இரண்டும் வேண்டிய கேள்விகளே. ஆனால் குடும்பத்தைத் தடுமாற வைப்பது மூன்றாவது கேள்வி. அதைத்தான் பலர் கேட்பதில்லை. வங்கி கொடுக்காத பணம் எவ்வளவு? அதாவது, நம் சொந்தக் கையிலிருந்து ரொக்கமாகப் போக வேண்டியது எவ்வளவு? இன்று நேயர்களுடன் நான் பேச விரும்புவது இந்த மூன்றாவது கேள்வியைப் பற்றித்தான்.

வங்கிகள் வீட்டின் மதிப்பு முழுவதையும் கடனாகக் கொடுப்பதில்லை. அதற்கு ரிசர்வ் வங்கி ஒரு வரம்பு வகுத்திருக்கிறது. கடன் 30 லட்சம் ரூபாய் வரை என்றால் மதிப்பில் நூற்றுக்கு 90 பங்கு வரை கொடுக்கலாம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 பங்கு. அதற்கும் மேல் என்றால் 75 பங்கு. இது பலருக்குத் தெரிந்த செய்தி. ஆனால் மதிப்பு என்பதில் எது சேரும், எது சேராது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் முதலிய பத்திரச் செலவுகளை வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கணக்கிடக் கூடாது என்று 2012-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 10 லட்ச ரூபாய்க்கு உட்பட்ட சிறு வீடுகளுக்கு மட்டும் 2015-இல் விலக்கு அளித்தது. பெருநகரங்களில் அந்த விலைக்கு வீடு கிடைப்பது அரிது. ஆகவே பத்திரச் செலவு முழுவதும் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

ஓர் உதாரணம் கொண்டு பார்ப்போம். மாதுங்காவிலோ செம்பூரிலோ வாடகைக்கு இருந்துவரும் ஒரு தமிழ்க் குடும்பம், தாணே நகர எல்லைக்குள் கட்டப்பட்டு வரும் ஒரு சிறு குடியிருப்பை 60 லட்ச ரூபாய்க்குப் பேசி முடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி 48 லட்சம் கொடுக்கும். மீதி 12 லட்சம். அந்த 12 லட்சம் சேர்ந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில்தான் அவர்கள் வீடு பார்க்கவே புறப்பட்டார்கள்.

கட்டி முடியாத வீட்டுக்குச் சரக்கு–சேவை வரி உண்டு. 2019 ஏப்ரல் முதல் அது நூற்றுக்கு 5. இங்கே 3 லட்சம். முத்திரைத் தீர்வை தாணேயில் உபரி வரிகளோடு சேர்த்து நூற்றுக்கு 7. அது 4 லட்சத்து 20 ஆயிரம். பதிவுக் கட்டணம் மகாராஷ்டிரத்தில் நூற்றுக்கு 1 என்றாலும் 30 ஆயிரத்துக்கு மேல் போகாது. ஆக 12 லட்சம் என்று நினைத்தது இதற்குள்ளேயே 19 லட்சத்து 50 ஆயிரம் ஆயிற்று. வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், அடமானப் பத்திரத்துக்கான தீர்வை ஆகியவற்றுக்கு ஓர் 50 ஆயிரம் ஒதுக்குங்கள். வீட்டுச் சாவியைக் கொடுக்கும் முன் கட்டடத்தார் பராமரிப்புப் பணத்தை ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ முன்கூட்டியே வாங்குவார்கள். சங்கம் அமைப்பதற்கு ஒரு தொகையும் கேட்பார்கள். 1 லட்சத்து 50 ஆயிரம் என்று கொள்வோம். பிறகு வீடு. வீடு என்று கொடுப்பது பெரும்பாலும் சுவரும் தரையும் கதவும்தான். சமையலறைக்கு அலமாரி, சன்னலுக்குக் கம்பி வலை, மின்விசிறி, விளக்கு, வெந்நீர்க் கலம், துணி உலர்த்தும் கொடி, திரைச்சீலை எல்லாம் நாம்தான் வாங்க வேண்டும். சிக்கனமாகச் செய்தாலும் 3 லட்சத்தில் முடிந்தால் நல்லது. சாமான் ஏற்றி இறக்கவும் கிருகப்பிரவேசத்துக்கும் 50 ஆயிரம். கூட்டிப் பார்த்தால் 25 லட்சம் ஆகிறது. வரிகளும் தீர்வையும் சட்டப்படி வரும் தொகை. மற்றவை நானாகச் செய்த மதிப்பீடு. உங்கள் கணக்கில் அவை கூடலாம், குறையலாம். ஆனால் 12 என்று நினைத்த இடத்தில் ஏறத்தாழ அதன் இரட்டிப்பு நிற்கும் என்பதில் பெரிய மாறுதல் இராது.

இந்த 13 லட்சத்து வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே குடும்பத்தின் நிம்மதியைத் தீர்மானிக்கிறது. பதிவு நாள் நெருங்கிய பிறகு தேடும் பணத்துக்கு வட்டி அதிகம். வீட்டுக் கடனைவிடக் கூடுதல் வட்டியில் தனிநபர் கடன் வாங்குவோர் உண்டு. மனைவியின் நகைகளை அடகு வைப்போர் உண்டு. ஊரில் இருக்கும் பூர்விக நிலத்தில் தமக்குள்ள பங்கை நம்பியிருப்போரும் உண்டு. பங்கு உண்டுதான், ஆனால் அண்ணன் தம்பிகள் கூடிப் பேசி, பட்டா மாற்றி, விலை படிந்து, பணம் கைக்கு வருவதற்குள் இங்கே கெடு முடிந்துவிடும். அம்மா குடியிருக்கும் வீட்டை விற்று மகன் தில்லியில் வீடு வாங்குவதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்க மாட்டேன். அதைச் செலவுத் திட்டம் என்று சொல்வது பொருந்தாது.

தீர்வை விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். அடிக்கடி மாறவும் செய்யும். கர்நாடகத்தில் பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 1 ஆக இருந்து, 2025 ஆகஸ்டு 31 முதல் 2 ஆயிற்று. 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு அந்த ஒரே நாள் வித்தியாசம் 60 ஆயிரம் ரூபாய். எனவே சென்ற ஆண்டு வாங்கிய நண்பர் சொன்ன கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாரத்து விகிதத்தைக் கேட்டறிய வேண்டும். மேலும், தீர்வை நாம் கொடுத்த விலைக்கு மட்டும் அன்று. அரசு வகுத்த குறைந்தபட்ச மதிப்பு ஒன்று உண்டு. தில்லியில் அதைச் சர்க்கிள் ரேட் என்பார்கள், மும்பையில் ரெடி ரெக்னர் என்பார்கள், நம் ஊரில் வழிகாட்டி மதிப்பு. விலை, அரசு மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல்தான் தீர்வை. மலிவாக முடித்தோம் என்று மகிழ்கிறவர் இதை மறந்துவிடக் கூடாது.

பெண் பெயரில் வாங்கினால் சலுகை தரும் மாநிலங்கள் சில உண்டு. மகாராஷ்டிரத்தில் பெண் பெயரில் மட்டும் வாங்கினால் நூற்றுக்கு 1 குறையும். தில்லியிலும் அரியானாவிலும் ஆணுக்குள்ளதைவிட 2 குறையும். நம் தாணே உதாரணத்தில் இது 60 ஆயிரம் ரூபாய் மிச்சம். பணத்துக்காக மட்டுமின்றி வேறு காரணங்களுக்காகவும் இது நல்ல ஏற்பாடு என்பது என் அபிப்பிராயம்.

கட்டி முடிந்து, முடிவுச் சான்றிதழும் பெற்ற வீட்டுக்குச் சரக்கு–சேவை வரி கிடையாது. பெருநகரங்களில் 45 லட்சத்துக்குள், உள்பரப்பு 60 சதுர மீட்டருக்கு மேற்படாத வீடாக இருந்தால், கட்டப்பட்டு வரும்போதும் நூற்றுக்கு 1 மட்டுமே. வீட்டின் விலை 50 லட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் நூற்றுக்கு 1 பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்துவது வாங்குபவரின் பொறுப்பு. இது தனிச் செலவு ஆகாது. ஆயினும் மறந்தால் வட்டியும், படிவம் தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாயும் கட்ட நேரும்.

பரப்பளவைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் 1,000 சதுர அடி என்று போட்டிருக்கும். மாடிப்படி, நடைபாதை, மின்தூக்கி எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்த கணக்கு அது. உள்ளே நாம் புழங்கும் இடம் 700 சதுர அடியாக இருக்கலாம். 60 லட்சத்தை ஆயிரத்தால் வகுத்தால் சதுர அடி 6,000 ரூபாய். எழுநூறால் வகுத்தால் 8,571. பக்கத்துக் கட்டடத்தோடு ஒப்பிடும்போது எந்தக் கணக்கை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் உள்பரப்பைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது; அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. எழுத்து மூலமான ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதே சட்டம் வகுத்த விதி.

இனி, நாம் பிற மாநிலத்தில் வாழ்கிறோம் என்பதனால் வரும் செலவு ஒன்று. அது மொழி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆகையால் இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். கர்நாடகத்தில் இருப்பவருக்குக் கவலை குறைவு. கிரயப் பத்திரம் அங்கும் கிரய பத்ரம்தான். மகாராஷ்டிரத்தில் அது கரேதிகத் ஆகிறது; நிலத்தின் உரிமையையும் பயிரையும் காட்டும் பதிவேட்டு நகல் சாத்பாரா. வடக்கே வந்தால் பாரசீகச் சொற்கள் நிற்கின்றன. அச்சாரம் என்று நாம் சொல்வது பயானா. ஒப்பந்தம் இக்ரார்நாமா. கிரயப் பத்திரம் பைநாமா. முக்தார்நாமா என்று ஒன்று உண்டு. அது அதிகாரப் பத்திரம், அதாவது ஒருவர் தம் சார்பில் காரியம் பார்க்க மற்றொருவருக்கு எழுதிக் கொடுக்கும் காகிதம். தில்லியில் பல குடியேற்றப் பகுதிகளில் பல்லாண்டுகளாக வீடுகள் இந்த முக்தார்நாமாவின் மூலமாகவே கைமாறி வந்திருக்கின்றன. தீர்வை மிச்சம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அதிகாரப் பத்திரத்தால் சொத்துரிமை மாறுவதில்லை, பதிவான கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது.

அலுவலக நண்பர் ஒருவர், “சார், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்று ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்தார். முத்திரைத்தாள் அழகாக இருந்தது; சாட்சிக் கையெழுத்தும் இருந்தது. அவர் பைநாமா என்று நம்பி வந்தது முக்தார்நாமா. தலைப்பிலேயே எழுதியிருந்தது. அச்சாரம் கொடுக்கும் முன் காட்டினார் என்பதனால் நஷ்டமில்லை. படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுவதற்கு ஆகும் சில ஆயிரங்களை, விற்பவரின் ஆளோ தரகரோ அல்லாத ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் சேர்த்து, செலவுப் பட்டியலில் முதல் வரியில் எழுதுங்கள். வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டாரே என்று இருந்துவிட வேண்டாம். அவர் பார்ப்பது வங்கியின் பணம் திரும்பி வருமா என்பதை.

பதிவு முடிந்ததும் காரியம் முடிந்துவிடாது. நகராட்சிப் பதிவேட்டில் பெயர் மாற்ற வேண்டும். தில்லிப் பக்கத்தில் இதைத் தாக்கில்–காரிஜ் என்பார்கள். பெங்களூரில் காதா மாற்றம். கூட்டுறவு வீட்டுச் சங்கத்தில் பழைய வீடு வாங்கினால் பெயர் மாற்றத்துக்குச் சங்கம் பணம் கேட்கும். மகாராஷ்டிரத்தில் அதற்கு 25 ஆயிரம் ரூபாய் உச்ச வரம்பு. அதற்கு மேல் நன்கொடை என்ற பெயரில் கேட்டால், ரசீது தருவீர்களா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

கட்டப்பட்டு வரும் வீட்டில் மற்றொரு செலவு மறைந்திருக்கிறது. அது காலம். வீடு முடிய இரண்டரை ஆண்டு என்று கொள்வோம். கட்டடம் எழும்ப எழும்ப வங்கி பணத்தைப் பகுதி பகுதியாகக் கொடுக்கும். கொடுத்த தொகைக்கு வட்டி உடனே தொடங்கிவிடும். 48 லட்சத்தில் சராசரியாகப் பாதி, 24 லட்சம், அக்காலம் முழுவதும் நிலுவையில் நின்றதாகக் கொண்டால், எட்டரை வட்டியில் 5 லட்சத்து 10 ஆயிரம் ஆகிறது. அசல் ஒரு காசும் குறையவில்லை. அதே காலத்தில் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை உண்டு. கடைசி மாதங்களில் வட்டி 34 ஆயிரத்தை நெருங்கும். வாடகை 20 ஆயிரம் என்றால் மாதம் 54 ஆயிரம். வீட்டுக்குள் போன பிறகு கட்டப்போகும் மாதத் தவணையைவிட இது அதிகம். ஆகையால் மிகவும் இறுக்கமான காலம் குடிபுகுவதற்கு முந்திய ஆறு மாதமே. கட்டடம் குறித்த கெடுவில் முடியாவிட்டால் கட்டடத்தார் வட்டி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேட்டு, எழுதி, வாதாடிப் பெற வேண்டும். அந்த மாதத்து வாடகைக்கு அது உதவாது.

மாதத் தவணையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 48 லட்சம், எட்டரை வட்டி, 20 ஆண்டு: மாதம் 41,655 ரூபாய். முதல் மாதத் தவணையில் 34 ஆயிரம் வட்டி. அசலுக்குப் போவது 7,655. இருபது ஆண்டில் கட்டும் மொத்தம் ஏறத்தாழ 1 கோடி. இந்த எட்டரை நிலையானதும் அன்று. 2022 மே மாதத் தொடக்கத்தில் நூற்றுக்கு 4 ஆக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2023 பிப்ரவரியில் ஆறரை ஆயிற்று. 2025-இல் மீண்டும் படிப்படியாக இறங்கிற்று. ஏறிய காலத்தில் பலருக்குத் தவணை ஏறவில்லை, ஆண்டு நீண்டது. நம் உதாரணத்தில் தொடக்கத்திலேயே வட்டி ஒன்பதரை ஆகி, தவணையை மட்டும் மாற்றாமல் விட்டால், 20 ஆண்டுக் கடன் ஏறத்தாழ 25 ஆண்டு 9 மாதம் ஆகிவிடும். நாற்பது வயதில் கடன் வாங்கியவர் ஓய்வு பெற்ற பின்னும் கட்டிக்கொண்டிருப்பார். தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பிரித்துப் படியுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

வருமான வரிச் சலுகையை நம்பித் திட்டம் போடுகிறவர்கள், தாம் எந்த வரி முறையில் இருக்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நலம். தாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய முறையில்தான். புதிய முறையில் இல்லை.

மத்திய அரசு ஊழியர்களுக்கு வீடு கட்டும் முன்பணம் என்னும் வசதி ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டின் விதிகளின்படி 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம், இரண்டில் குறைந்தது கிடைக்கும். தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. முதலில் அசலை 180 தவணைக்குள் பிடிப்பார்கள், பிறகு வட்டியை 60 தவணைக்குள். வீடு இந்தியாவில் எந்த ஊரிலும் இருக்கலாம். பெருநகரத்தில் இதைக் கொண்டு மட்டும் வீடு வாங்க இயலாது என்பது உண்மை. ஆயினும் கணவன் மனைவி இருவரும் மத்திய அரசு ஊழியர் என்றால் இருவரும் பெறலாம். விண்ணப்பித்து அனுமதி வர மாதங்கள் ஆகக்கூடும். எனவே வீட்டைப் பார்த்த பின் அல்ல, பார்க்கத் தொடங்கும்போதே அலுவலகத்தில் விசாரித்து வைப்பது உசிதம்.

மாற்றல் உள்ள வேலையில் இருப்பவர்கள் இன்னுமொன்று யோசிக்க வேண்டும். தில்லியில் வீடு வாங்கிய மறு ஆண்டு கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தால், இங்கே தவணையும் அங்கே வாடகையுமாக இரண்டு செலவு. இந்த வீட்டுக்கு வரும் வாடகை பெரும்பாலும் தவணையில் பாதியைக்கூட எட்டாது. பராமரிப்புப் பணமும் சொத்து வரியும் நாம் குடியிருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியவை. பராமரிப்பு மாதம் 7,500 ரூபாயைத் தாண்டினால், பெரிய சங்கங்களில் அதற்கும் நூற்றுக்கு 18 வரி சேரும்.

ஆறு மாதத் தவணைக்கு ஈடான பணத்தை வங்கியில் தொடாமல் வைத்துவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு வீட்டின் விலையைத் தீர்மானிப்பது என் யோசனை. நம் உதாரணக் குடும்பத்துக்கு அது இரண்டரை லட்சம். அவர்களிடம் இருப்பது 12 லட்சம்தான் என்றால், இன்று அவர்கள் பார்க்க வேண்டியது 60 லட்ச ரூபாய் வீட்டை அன்று. ஒன்பதரை லட்சத்தை வைத்துக்கொண்டு, விலையில் ஐந்தில் ஒரு பங்கும் மற்றச் செலவுகள் அனைத்தும் அதற்குள் அடங்கும்படி கணக்கிட்டால், 25 லட்சத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் வரும். அவ்விலையில் கடன் 30 லட்சத்துக்கு உட்படுவதால் வங்கி 90 பங்கு வரை கொடுக்க முன்வரலாம். தவணையைச் சம்பளம் தாங்குமானால் விலை இன்னும் சற்று ஏறலாம். அந்த விலைக்கு நகரின் நடுவில் வீடு கிடைக்காது. ரயில் நிலையத்துக்கு அப்பால், பழைய கட்டடத்தில், மின்தூக்கி இல்லாத மூன்றாம் மாடியில் கிடைக்கலாம். அதை வாங்குவதா, இன்னும் நான்கு ஆண்டு வாடகை வீட்டிலேயே இருந்து சேர்ப்பதா என்பதை, மாடி ஏற வேண்டிய பெரியவர்களையும் பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகளையும் உட்கார வைத்துக் கேட்டு அந்தக் குடும்பம் முடிவு செய்யட்டும்.